துவான் இல்லாத நாய்

1

போன மாதம் ஊரிலிருந்து தங்கை எழுதியிருந்தாள். கடிதத்தில் முக்கால்வாசி மழை, பள்ளிக்கூடச் சேர்க்கை, அம்மாவின் முழங்கால் வலி. கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி இரண்டு வரி. அவளுடைய சின்ன மகனைத் தெருநாய் கடித்துவிட்டதாம். சுண்ணாம்பு வைத்துக் கட்டியதில் புண் ஆறிவிட்டதாம், கவலைப்பட வேண்டாமாம். அந்த இரண்டு வரியைப் படித்த கையோடு ஈப்போ தபால் நிலையத்துக்கு ஓடித் தந்தி கொடுத்தேன். பிள்ளைக்கு ஊசி போடும்வரை எனக்கு எழுத வேண்டாம் என்று மறுநாள் ஒரு கடிதமும் போட்டேன். போட்டுவிட்டார்கள். பையன் நன்றாக இருக்கிறான். ஆனால் தங்கைக்கு என்மேல் வருத்தம். வெளிநாட்டுக்குப் போனதும் இவளுக்கு எல்லாமே பயம் என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

பயத்தை நான் இங்கே கற்றுக்கொள்ளவில்லை. ஊரிலிருந்துதான் கொண்டுவந்தேன். அதை இங்கே என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

2

கோவில்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூர் எனக்கு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது இருபத்திரண்டு வயது. என்னைக் கட்டிய அருளப்பன் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர், அரசாங்கப் பொதுப்பணி இலாகாவில் ஸ்டோர் கிளார்க். வீடு புந்தோங்கில், வரிசை வீடுகளில் ஒன்று. வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு பசி தெரிகிறதா என்று நான் கூசிப்போனேன். இங்கே காலைச் சாப்பாட்டுக்கே அதுதான் பேர்.

தமிழே இப்படி என்றால் மலாயைக் கேட்க வேண்டாம். சந்தையில் மீன் பேரம் பேசும் அளவுக்கு வந்தது. எழுத்து ஆங்கில எழுத்துதான், கூட்டிப் படித்துவிடுவேன். பொருள் பிடிபடாது. வீட்டுக்கு வரும் காகிதங்களை இவர் படித்துச் சொல்வார். இவருக்கு நேரமில்லை என்றால் மகள் ரோஸ்லின் படிப்பாள். அவளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாமே மலாய். வீட்டில் தமிழில் கேட்டால் மலாயில் பதில் வரும். கடையில் நான் மலாய் பேசும்போது நடுவில் புகுந்து திருத்துவாள். கடைக்காரர் சிரிப்பார். அதனால் நான் எங்கே போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்தியிருந்தேன். தமிழ் மறந்துவிடக் கூடாது என்று சனிக்கிழமை காலையில் மாதா கோயில் மண்டபத்தில் நடந்த தமிழ் வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கண்ணம்மா அக்காவை எனக்குத் தையல் மூலமாகத்தான் தெரியும். ரவிக்கை தைக்க வந்தவர், அப்புறம் சும்மாவும் வர ஆரம்பித்தார். நாற்பது வயது இருக்கும். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புருஷன் அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், ஒரு நாய் என்று லோரி ஏறி ஈப்போவுக்கு வந்தவர். லகாட் போகும் சாலையோரம், ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைக்குப் பக்கத்தில் பலகை வீட்டில் இருந்தார். சீனர் காப்பிக் கடை ஒன்றில் மங்கு கழுவும் வேலை, தட்டும் கோப்பையும். நாயின் பெயர் செவலை. விடியுமுன் இருட்டில் தனியாகப் பால் வெட்டப் போன காலத்தில் முன்னால் நடந்துபோனது அதுதான் என்பார்.

அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, ஐ.சி. என்பார்கள். சிவப்பு என்றால் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. அவர் பிறந்தது அதே தோட்டத்து லயத்தில்தான். பிறப்பை யாரும் பதியவில்லை. கப்பலில் வந்த நான் கல்யாணச் சான்றிதழைக் காட்டி நீல அட்டை வாங்கிவிட்டேன். இங்கேயே பிறந்தவர் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். இதை என்னிடம் அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அவர் சொல்லாததால் எனக்குத்தான் உறுத்தும்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து துணி ஊறவைத்தேன். ரோஸ்லினின் வெள்ளைக் காலுறை ஒன்றில் பழுப்பாக ஒரு கறை. திருப்பிப் பார்த்தேன். நான்கு சின்ன ஓட்டைகள். அவளைக் கூப்பிட்டுப் பாவாடையைத் தூக்கிப் பார்த்தபோது கெண்டைக்காலில் பல் பதிந்த இடம் வீங்கியிருந்தது. மேலே பவுடர் பூசியிருந்தாள்.

விசாரித்ததில் துண்டு துண்டாக வந்தது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகவில்லை. அன்று மட்டுமல்ல, ஒரு மாதமாகவே போகவில்லை. செவலை சினையாக இருந்து, போன வாரம்தான் குட்டி போட்டதாம். அதைப் பார்க்கக் குட்டைப் பக்கம் போய்விடுவாளாம். அன்றைக்கு அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு குட்டியைத் தூக்கியிருக்கிறாள், தாய்நாய் பிடித்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க சேவியர் மாமா கதை சொல்வீங்க," என்றாள்.

சேவியர் என் தம்பி. ஒன்பது வயதில் போனவன். கடித்தது தெருநாய். அப்பா ஒருவரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊரில் மருந்து கட்டுபவரிடம் கூட்டிப்போனார். பச்சிலைச் சாறு, உப்பில்லாப் பத்தியம், கையில் ஒரு கயிறு. ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். வயிற்றில் ஊசி போடுவார்கள், பிள்ளை தாங்க மாட்டான் என்று அப்பா நினைத்தார். புண் ஆறிவிட்டது. நாங்கள் மறந்தே போனோம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் நான்தான் அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். தம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோனான். தொண்டை தானாக இறுகியது, தம்ளர் விழுந்தது. மறுபடி கொடுத்தேன். தாகமாக இருக்கிறது அக்கா, ஆனால் முடியவில்லை என்றான். அதற்கப்புறம் மூன்று நாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அப்போது பதினாறு.

ரோஸ்லினை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே புண்ணைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவிவிட்டு ஓர் ஊசி போட்டார்கள். இந்தப் பக்கம் வெறிநாய் நோயைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் மிருக வைத்திய அலுவலகத்தில் தெரிவித்து, நாயைப் பத்து நாள் அடைத்துவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள் என்றார். நாய் நன்றாக இருந்தால் பிள்ளைக்கு மேற்கொண்டு ஊசி வேண்டாம்.

அன்று சாயங்காலமே சேதி கேட்டுக் கண்ணம்மா அக்கா வந்தார். ரோஸ்லினின் காலைத் தடவிப் பார்த்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்க ரிப்போட்டு பண்ணுங்க, நான் வேணாங்கல. புள்ள விசயம். என் பேர மட்டும் போட்றாதீங்க. அதுக்கு லைசென்ஸு இல்ல. மனு உள்ள இருக்கு, எந்த நேரமும் கூப்புடுவாங்க. கேசுன்னு வந்துட்டா சிகப்பு ஐ.சி.காரிய யாரு பாப்பாங்க?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

4

திங்கட்கிழமை இவர் லீவு போட முடியவில்லை. தனியாகத்தான் போனேன். ரோஸ்லின் நானும் வருகிறேன் என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போ என்று அனுப்பிவிட்டேன்.

கவுண்டரில் இருந்தவர் மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். எங்கே கடித்தது, எப்போது, நாய் என்ன நிறம் என்று கேட்டு அவரே எழுதிக்கொண்டார். குட்டைப் பக்கம், செம்மண் நிறம், குட்டி போட்ட நாய் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கடைசியில் பேனாவை நிறுத்திவிட்டு, "இனி அஞ்சிங், அடா துவான்?" என்று கேட்டார்.

அஞ்சிங் என்றால் நாய். அடா என்றால் இருக்கிறதா. துவான் என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தோட்டத்து வெள்ளைக்கார மானேஜரைத் துவான் என்பார்கள். என் வீட்டுக்காரரின் பெரிய அதிகாரியும் துவான்தான். யாராவது பெரிய மனிதர் வீட்டு நாயா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மங்கு கழுவும் கண்ணம்மா அக்கா எந்த ஊர்த் துவான்? பெயரைச் சொல்லாமலும், பொய் சொல்லாமலும் தப்பித்த நிம்மதியில், "துவான் தா அடா," என்றேன். இல்லை என்று. அவர் ஒரு கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்து வாங்கினார். நகல் கொடுத்தார். நாளைக் காலையில் ஆள் வரும் என்றார். எனக்குப் புரிந்தது. நாயைக் கொண்டுபோய் அடைக்க ஆள் வரும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இவரும் பள்ளிக்கூடம் முடிந்து ரோஸ்லினும் வந்தார்கள். மேசைமேல் கிடந்த நகலை ரோஸ்லின் எடுத்துப் பார்த்தாள். சோற்றில் கை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"அம்மா, செவலைக்கு ஓனர் இல்லன்னா சொன்னீங்க?"

ஓனரைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றேன். துவான் என்றால் ஓனர், சொந்தக்காரர் என்றும் அர்த்தம் என்று அவள் சொன்னாள். அப்புறம் கீழே இருந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். சொந்தக்காரர் இல்லாத நாய் என்றால் அடைத்துவைக்க மாட்டார்கள். சுட்டுவிட்டுத் தலையைச் சோதனைக்கு அனுப்புவார்கள். "குட்டிங்களையும்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இவர் நகலை வாங்கிப் படித்தார். அவள் சொன்னது சரிதான். தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, தலையைச் சோதித்தால் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும், பத்து நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், நாமாகச் செய்யவில்லையே, விடு என்றார். அவர் கெட்டவர் இல்லை. மகளின் அப்பா.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. கண் முன்னால் தம்பி கையிலிருந்து தம்ளர் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நாள், பத்து நாள். அந்தக் கணக்குக்கு முன்னால் நாய் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எழுந்தது ரோஸ்லினைப் பார்த்துத்தான். அவள் பார்வையில் கோபம் இல்லை. இந்த அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கெளம்பு," என்றேன். "நீ வந்து சொல்லு. நான் பேசினா தப்பாப் போகுது."

5

காப்பிக் கடைப் பின்கட்டில் கண்ணம்மா அக்கா குத்துக்காலிட்டு மங்கு கழுவிக்கொண்டிருந்தார். நான் செய்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கழுவினார். சுடுவார்கள் என்று சொன்ன இடத்தில் கை நின்றது.

நாயை எங்கேயாவது கொண்டுபோய் மறைத்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். சொந்தக்காரர்கள் யாராவது சுங்காயில் இருக்கிறார்களா என்று கேட்டேன். அக்கா ரோஸ்லினின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"மறைச்சா புள்ளைக்கு எப்படித் தெரியும், நோய் இருக்கா இல்லையான்னு?" என்றார். "இருங்க, கைய கழுவிட்டு வாரேன். ஐ.சி. வீட்டுல இருக்கு. எடுத்துக்கிட்டுப் போலாம்."

கடை முதலாளி தவுக்கேயிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் சேலைத் தலைப்பால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அலுவலகம் மூட அரை மணி நேரம் இருந்தது. ரோஸ்லின் பேசக் காத்திருந்தாள், தேவைப்படவில்லை. கண்ணம்மா அக்கா பிளாஸ்டிக் உறையில் இருந்த சிவப்பு அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டுத் தோட்டத்து மலாயில் தானே சொன்னார். "சாயா புஞா அஞ்சிங்." என்னுடைய நாய்.

அதிகாரி அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் காலையில் பொய் சொன்னேன் என்று நினைத்திருப்பார். ரோஸ்லின் அப்போதுதான் பேசினாள். அம்மாவுக்குத் துவான் என்றால் பெரிய மனிதர் என்றுதான் தெரியும், அதனால்தான் அப்படிச் சொன்னாள் என்று விளக்கினாள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஒருதரம் தலையசைத்துவிட்டுப் பழைய காகிதத்தைக் கிழித்தார், புதிது எழுதினார். லைசென்ஸ் இல்லாததற்கு அபராதம் உண்டு, அதை விட முடியாது என்றும் சொன்னார். அக்கா பெயர் எழுதத் தெரியாமல் பெருவிரலை வைத்தார்.

6

மறுநாள் செவலையைக் கம்பி வலை போட்ட வண்டியில் கொண்டுபோனார்கள். குட்டிகள் மூன்று. இன்னும் கண் சரியாகத் திறக்காதவை. பள்ளிக்கூடம் விட்டதும் ரோஸ்லின் பால்மாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு குட்டைப் பக்கம் போவாள். பஞ்சை நனைத்து வாயில் வைப்பாள். காலையில் அக்கா பார்த்துக்கொள்வார். ஒரு குட்டி நாலாம் நாள் செத்துப்போனது. ரோஸ்லின் அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது தமிழில்தான் சொன்னாள். ஒரு வாக்கியம் முழுதாக. அதற்காக மகிழும் நேரமாக அது இல்லை.

நான் தினமும் பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனேன். நாய்க் கூண்டுகள் பின்னால் ஒரு கொட்டகையில் இருந்தன. உள்ளே விட மாட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். முதல் நாள் செவலை மூலையில் படுத்துக் கிடந்தது. தட்டையும் தண்ணீரையும் தொடவில்லை. வேலையாள், புது இடம் அப்படித்தான் என்றான். அன்று வீட்டுக்கு வந்து ரோஸ்லின் தூங்குவதை உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் வேண்டுமா என்று எழுப்பிக் கேட்டேன். அவள் தூக்கத்தில் இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைத் திட்டினாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் போனபோது வேலையாள் கூண்டைக் கழுவிவிட்டுச் சட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றினான். செவலை எழுந்தது. மடி கட்டிக்கொண்டு வீங்கியிருந்தது, நடக்கவே சிரமப்பட்டது. சட்டியருகே வந்து முகர்ந்தது. அப்புறம் நாக்கை நீட்டிக் குடித்தது. சளக் சளக் என்று சத்தம் கேட்க, நிறுத்தாமல், சட்டி காலியாகும்வரை குடித்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேவியர் செத்தபோது நான் அழவில்லை, அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினெட்டு வருஷம் கழித்து, ஒரு நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, ஊரும் பேரும் தெரியாத ஆள் முன்னால் அழுதேன். அவன் ஒன்றும் கேட்காமல் சட்டியை மறுபடி நிரப்பினான்.

அதற்கப்புறமும் தினமும் போனேன். பத்தாம் நாள் மிருக டாக்டர் பார்த்துவிட்டு நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அக்கா கயிற்றோடு வந்திருந்தார். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். லகாட் சாலைவரை வெயிலில் நடந்தே வந்தோம், செவலை முன்னால். கூண்டில் மடி வற்றிப்போயிருந்தது. குட்டிகள் இரண்டும் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ரோஸ்லினிடம் பஞ்சைக் கேட்டன.

7

அக்கா அபராதம் கட்டினார். நாய்க்கு லைசென்ஸும் வாங்கினார். கழுத்தில் தகர வில்லை. சில மாதம் கழித்து மனு விஷயமாக அவரைக் கூப்பிட்டார்கள். மலாய் பேசச் சொன்னார்களாம், பேசினார். எங்கே பிறந்தாய் என்றார்களாம், சொன்னார். ஏதாவது குற்றத்துக்குத் தண்டனை உண்டா என்று கேட்டபோது, நாய்க்கு லைசென்ஸ் இல்லாமல் அபராதம் கட்டியதைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர் எழுதிக்கொண்டாராம்.

பதில் வர மூன்று வருஷம் ஆனது. அரசாங்க முத்திரை போட்ட பழுப்பு உறையை அக்கா பிரிக்காமல் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தார். ரோஸ்லினுக்குப் பதின்மூன்று வயது. பிரித்துப் படித்தாள். முதல் சொல்லே டுக்காசித்தா. அரசாங்கம் இல்லை என்று சொல்லும் கடிதங்கள் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். அதற்குள் நம்முடைய துக்கம் இருப்பது எனக்கே அன்றுதான் காதில் விழுந்தது.

"என்னா போட்டிருக்கு, கண்ணு?"

ரோஸ்லின் தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். "துக்கத்தோட தெரிவிக்கிறாங்களாம், ஆன்ட்டி. இப்ப குடுக்க முடியாதாம்."

"அவங்களுக்கு என்னா துக்கம்?" என்று கேட்டார் கண்ணம்மா அக்கா. குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். ரோஸ்லின் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

காரணம் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் இருக்கலாம் என்று இவர் சொன்னார். தோட்டத்திலிருந்து வந்த எத்தனையோ பேருக்கு, நாயே வளர்க்காதவர்களுக்கும், இதே கடிதம் வந்திருக்கிறது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அலுவலகக் கவுண்டரில் நான் வேறு மாதிரி வாயைத் திறந்திருந்தால், முதலிலேயே அக்காவைக் கேட்டுக்கொண்டு போயிருந்தால் என்று மனசு சுற்றிச் சுற்றி அங்கேயே போய் நிற்கும். இதை அக்காவிடம் சொன்னபோது, புள்ள நல்லா இருக்கில்ல, அப்புறம் என்ன லா என்று முடித்துவிட்டார்.

போன வாரம் புது மனுப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ரோஸ்லின் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, அக்கா பதில் சொல்ல, நான் எழுதினேன். மலாயில் எழுத்துப் பிழை வரும் இடத்தில் ரோஸ்லின் எழுத்தைச் சொல்வாள். முன்பு போல் எனக்குச் சுருக்கென்று வரவில்லை. இரண்டாம் பக்கத்தில் குற்றம், தண்டனை பற்றிய கேள்வி வந்தது. பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். இத்தனை வருஷமாகிவிட்டது, சின்ன அபராதம், யார் பார்க்கப்போகிறார்கள், இல்லை என்று போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

அக்கா குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

"உள்ளதையே போடுங்க, தங்கச்சி," என்றார். "அது என் நாயிதானே."